இலை இல்லாத மரம் தண்ணீர் கேட்காது

என் ஃபைக்கஸ் போன்சாய்க்கு இப்போது வயது சுமார் பன்னிரண்டு. முக்கால் சாண் அகலத் தட்டில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் மரம். 2019 ஆகஸ்டில் பெங்களூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது லால்பாக் மலர்க் கண்காட்சியில் வாங்கினேன். ரயிலில் மடியில் வைத்துத் திருச்சிக்குக் கொண்டு வந்தேன். அடிமரம் என் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். ஒரு பக்கம் இரண்டு விழுதுகள் இறங்கி மண்ணைத் தொட்டிருக்கின்றன. ஆல், அரசு, அத்திக் குடும்பம்தான். எங்கே கீறினாலும் பால் வடியும்.

நாலு வருடம் ஒரு குறையும் இல்லை. 2023 மழைக்காலத்தில்தான் கவனித்தேன், ஊற்றுகிற தண்ணீர் மேலேயே தேங்கி நின்று மெதுவாக இறங்கியது. அடியில் இருந்த துளை வழியாக வேர் வெளியே எட்டிப் பார்த்தது. தட்டு முழுக்க வேர் சுற்றிவிட்டது என்று அர்த்தம். மாற்றி நடவேண்டியதுதான். அந்த முடிவு சரி. செய்த விதம்தான் தப்பு.

நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. நாலு நாளாக வெயிலே இல்லாத மூட்டம். மரத்தை வெளியே எடுத்தேன், வேர் கட்டியைப் பிரித்தேன், பாதிக்கு மேல் வெட்டிவிட்டேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று பிறகுதான் படித்தேன். தட்டின் அடியில் ஒரு அடுக்கு ஜல்லி போட்டேன், அதன் மேல் செம்மண்ணும் தொழுவுரமும். மரத்தைக் கம்பியால் தட்டோடு கட்டவில்லை. பழைய இடத்திலேயே, ஹாலில் டிவி பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

நாலாம் நாள் முதல் இலை மஞ்சளானது. ஒரு வாரத்தில் காலையில் வீடு கூட்டும்போது ஏழெட்டு இலைகள் வந்தன. எனக்கு எதையும் குறித்து வைக்கிற பழக்கம் உண்டு. ஆடிட்டர் ஆபீசில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். நோட்டில் எழுதியிருக்கிறேன்: பன்னிரண்டாம் நாள் வரைக்கும் 63 இலைகள். மரம் தாகத்தில் தவிக்கிறது என்று நினைத்தேன். காலையில் ஊற்றியது போதாது என்று சாயங்காலமும் ஊற்றினேன். தெம்பு வரட்டும் என்று மீன் அமிலம் கலந்து ஒரு தடவை விட்டேன். ஊட்டச்சத்து கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடும் என்று உண்மையிலேயே நம்பினேன்.

அம்மாவுக்கு முசிறிப் பக்கம். பத்து வயதிலிருந்து நாற்று நட்டவள். ஒரு நாள் மரத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்டி, வேரைப் பாதி வெட்டிட்டு, தலையை அப்படியே விட்டிருக்க. வேர் போன அளவுக்குத் தழையும் போகத்தான் செய்யும். நாத்துகூட நட்ட நாலு நாளு வாடித்தான் பச்சை கட்டும். பயப்படாத" என்றாள்.

அம்மா சொன்னதுதான் சரி. தண்ணீரை உறிஞ்சுவது வேரின் நுனிகள். நுனியை வெட்டினால் உறிஞ்சும் அளவு குறைகிறது. இலையோ ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. வரவும் செலவும் சரியாக வர, மரம் இலையை உதிர்க்கிறது. ஃபைக்கஸ் இதற்குப் பேர்போனது. இடம் மாற்றினாலே கொட்டும், வெளிச்சம் குறைந்தாலே கொட்டும். இலை கொட்டியதை வைத்து மரம் செத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. ஆனால் இலை போய்விட்டால் மரம் தண்ணீர் குடிப்பதும் ஏறக்குறைய நின்றுவிடும். இதைத்தான் நான் யோசிக்கவே இல்லை. குடிக்காத மரத்துக்கு நாளைக்கு இரண்டு வேளை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 24, வெள்ளிக்கிழமை. ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்ததும் ஒரு வாடை, சாக்கடை ஓரத்து வாடை. மண்ணைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் கொசு மாதிரிப் பூச்சிகள் பறந்தன. மரத்தின் அடியைப் பிடித்து லேசாக அசைத்தேன், ஆடியது. கட்டாமல் விட்டதன் பலன். ஒவ்வொரு முறை தட்டை நகர்த்தும்போதும், புதிதாக விட்ட முடி போன்ற வேர்கள் அறுந்துகொண்டே இருந்திருக்கின்றன.

பால்கனியில் செய்தித்தாளை விரித்து மரத்தை எடுத்தேன். ஒரு வேரைப் பிடித்து இரண்டு விரலால் உருவினேன். மொச்சையைப் பிதுக்கினால் தோல் கழன்று பருப்பு வருமே, அப்படி வேரின் தோல் என் கையோடு வந்துவிட்டது. உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியது. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும். அடிமரத்தை ஒட்டி மட்டும் ஐந்தாறு வேர்கள் கெட்டியாக, வெளிர் பழுப்பாக இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுகல் ஏன் அடியில் ஆரம்பித்தது என்பதை ஒரு பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கிப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றுவிடும். அதையே செங்குத்தாகத் திருப்பினால் இன்னும் கொஞ்சம் சொட்டும். மண்ணும் இப்படித்தான். எந்தத் தொட்டியானாலும் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் வடியாமல் தங்கும். ஆழமான தொட்டியில் அது அடியிலேயே, வேருக்குக் கீழே நின்றுவிடும். மூன்று விரல் ஆழமுள்ள போன்சாய்த் தட்டில் அதுவே பாதி மண். நான் அடியில் போட்ட ஜல்லி வடிகாலுக்கு உதவவே இல்லை. தேங்கும் ஈரத்தை வேருக்கு இன்னும் பக்கத்தில் தூக்கி வைத்தது, அவ்வளவுதான். பொடியான செம்மண் இறுகிக்கொண்டது, காற்று போக இடமில்லை. வேருக்கும் மூச்சு வேண்டும்.

இனி மரத்தில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உச்சிக் கிளையில் நகத்தால் கீறினேன். பட்டைக்கு அடியில் காய்ந்த பழுப்பு. கொஞ்சம் கீழே. அதுவும் பழுப்பு. ஏழு கிளைகளில் நாலு போய்விட்டன. அடிமரத்தில், விழுது இறங்குகிற இடத்துக்குச் சற்று மேலே, ஒரு கடுகு அளவுக்குக் கீறினேன். பச்சை தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு வெள்ளைப் புள்ளி கிளம்பி, குண்டூசித் தலை அளவுக்கு நின்றது. பால். "அம்மா, பால் வருது" என்று கத்தினேன். அம்மா அடுப்பில் வைத்ததை நினைத்துக்கொண்டு ஓடினாள்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. கத்தரியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். கொழகொழத்த வேர்களை எல்லாம் கெட்டியான இடம் வரும்வரை வெட்டினேன். செத்த கிளைகளைப் பால் கசியும் இடம் வரை வெட்டி எடுத்தேன். வேரில் ஒட்டிய பழைய மண்ணைத் தண்ணீரில் அலசினேன். புதிய மண் என்று சொன்னாலும் அதில் மண்ணே கிடையாது. ஜப்பானியர்கள் பயன்படுத்தும் அகடாமா களிமண் உருண்டைக்கு நான் எங்கே போவது? பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் உடைந்த செங்கல் கேட்டு வாங்கி வந்து, சுத்தியலால் தட்டி, துவரம்பருப்பு அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை சலித்து எடுத்தேன். செங்கல் தூளைக் கொட்டிவிடவேண்டும். அதுதான் இடைவெளியை அடைக்கும். செங்கல் மூன்று பங்கு, கழுவிய பெருமணல் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. அழகான பீங்கான் தட்டைக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டு, எட்டு அங்குல சாதாரண மண் தொட்டியில் நட்டேன். ஸ்பாஞ்சை நிமிர்த்திப் பிடிக்கிற கதைதான். துளைகள் வழியாக அலுமினியக் கம்பி நுழைத்து அடிமரத்தைத் தொட்டியோடு இறுக்கிக் கட்டினேன். கம்பி படும் இடத்தில் பழைய துணியைச் சுருட்டி வைத்தேன். ஒரு குச்சியால் வேர்களுக்கு நடுவே செங்கல் துகள் இறங்கும்படி குத்திக் குத்தி விட்டேன். அடியில் வரும் தண்ணீர் தெளியும்வரை ஊற்றினேன்.

வேர் குறைந்த மரத்துக்கு ஈரக்காற்று தேவை. துணிக்கடையில் சேலை வைத்துக் கொடுத்த கண்ணாடி மாதிரியான கவர் ஒன்று இருந்தது. தொட்டி ஓரத்தில் நாலு துடைப்பக் குச்சிகளை நட்டு, கவர் மரத்தில் படாமல் கூடாரம் போல மூடினேன். தினமும் காலையில் அரை மணி நேரம் திறந்து வைப்பேன். இல்லாவிட்டால் பூஞ்சை வந்துவிடும். இடத்தையும் மாற்றினேன். டிவி பக்கத்தில் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத்தான் தெரிகிறது, மரத்துக்கு அது இருட்டு. கிழக்குப் பார்த்த பால்கனியில், நேர் வெயில் விழாத சுவரோரம் வைத்தேன். கூடாரத்துக்குள் நேர் வெயில் பட்டால் மரம் வெந்துவிடும். உரம் எதுவும் கிடையாது. காயம்பட்ட வேர் உரத்தைத் தாங்காது.

தண்ணீர் விஷயத்தில் இனி என் மனசை நம்புவதில்லை என்று முடிவெடுத்தேன். சமையலறைத் தராசைக் கொண்டுவந்தேன். தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு தொட்டியோடு 2,840 கிராம். ஐஸ்கிரீம் குச்சியை இரண்டு அங்குலம் ஆழத்துக்குக் குத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்ப்பேன். கீழ் நுனி மட்டும் லேசாக ஈரமாக இருந்தால் ஊற்றலாம். அந்த நிலையில் எடை 2,610. ஆரம்பத்தில் அந்த எடைக்கு வர எட்டு நாள் ஆனது! இதே மரத்துக்குத்தான் நான் தினமும் இரண்டு தடவை ஊற்றியிருக்கிறேன்.

டிசம்பர் முழுக்க மரம் ஒரு குச்சிதான். வருகிறவர்கள் எல்லாம் "இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள்" என்றார்கள். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எங்காவது கீறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கையைப் பிடித்துவிட்டாள். "உசிரு இருக்கான்னு பாத்துப் பாத்தே நீ அதைக் கொன்னுடுவ. பூவரசம் போத்து நட்டா வெட்டின முனையில சாணியை அப்பிட்டு அது பாட்டுக்கு விட்டுடுவோம். யாரும் போயி கீறிப் பாக்க மாட்டோம்." அதோடு நிறுத்தினேன்.

அந்த நாட்களில் ராத்திரி போன்சாய் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். வாஷிங்டனில் ஒரு பைன் போன்சாய் இருக்கிறது. 1625-லிருந்து தொட்டியில் வளர்க்கப்படுகிற மரம். 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அந்த ஊரில், யமாகி குடும்பத்தின் தோட்டத்தில் இருந்தது. தப்பிப் பிழைத்தது. 1976-ல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்கே பரிசாகக் கொடுத்தார். குண்டை விட எனக்கு வேறொன்றுதான் மனசில் நின்றது: நாலு நூற்றாண்டில் அதன் வேரை எத்தனை பேர் எத்தனை தடவை வெட்டி மாற்றி நட்டிருப்பார்கள்! அத்தனை தடவையும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார்.

ஜனவரி 11, போகிக்கு மூன்று நாள் முன்னால். காலையில் கவரைத் திறந்தபோது விழுதுக்கு மேலே பட்டை லேசாகப் புடைத்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எள் அளவில், முனை கூராக, இளஞ்சிவப்பு கலந்த பச்சையில் ஒரு மொட்டு. வேறு இரண்டு இடங்களில் அதைவிடச் சின்னதாக. நோட்டைப் பார்த்தேன், வேரைக் கழுவி நட்டதிலிருந்து 48 நாள். "ஒரு மண்டலம்" என்றாள் அம்மா, வெண்பொங்கலுக்கு மிளகு தட்டிக்கொண்டே.

முதல் இலை விரிய இன்னும் ஒன்பது நாள் ஆனது. சுண்டுவிரல் நகம் அளவு, எண்ணெய் தடவியது போல் பளபளப்பு. மூன்றாவது இலை வந்த பிறகு கவரை ஒரு மூலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி விட்டு, பத்து நாளில் முழுதாக எடுத்தேன். மாசிக் கடைசியில்தான் முதல் உரம், மண்புழு உரம் ஊறிய தண்ணீர், அதுவும் பாதி அளவு.

இப்போது ஆனி. மூன்று கிளைகள், 140-க்கு மேல் இலைகள். உச்சியில்லாத மரம், பழைய உருவம் திரும்பாது. இடது பக்கம் போன கிளைகளின் வெட்டுக்காயம் இன்னும் முழுதாக மூடவில்லை. விளிம்பில் புதுப் பட்டை வட்டமாக உருண்டு வருகிறது. பீங்கான் தட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். இரண்டு வருடத்துக்கு வேரைத் தொடப் போவதில்லை. தொட்டால், வெயில் ஏறி மரம் துளிர் விடுகிற சித்திரை வைகாசியில்தான், மூன்றில் ஒரு பங்குக்குள்தான்.

இந்த வெயிலுக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் கேட்கிறது. இன்று காலை எடை 2,720 கிராம். நாளைக்கு ஊற்றினால் போதும்.