வலைக்குள் வெள்ளரி: தம்பிக்காக விதையில்லாக் காய் வளர்த்துப் பார்த்தது

தம்பிக்கு கிரோன்ஸ் நோய், அதாவது குடலில் விடாமல் இருக்கும் அழற்சி. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஓரிடம் குறுகிப் போயிருப்பது ஸ்கேனில் தெரிந்ததும், விதை, தோல், நார் மூன்றையும் டாக்டர் ஒதுக்கச் சொல்லிவிட்டார். செரிக்காத விதையும் தோலும் அந்தக் குறுகலில் போய்ச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும் என்பதுதான் பயம். எங்கள் சமையலறையில் அதற்கு அர்த்தம், முற்றிய கத்தரிக்காய் போச்சு, வெண்டைக்காய் போச்சு, தக்காளி வேகவைத்து வடிகட்டினால் மட்டும். கோயம்புத்தூரில் மொட்டைமாடியில் எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் தொட்டிச் செடிகள் உண்டு. அவன் சாப்பிடக்கூடிய காயை நாமே வளர்த்தால் என்ன என்று ஆரம்பித்தேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். வயிற்றில் என்ன கோளாறு இருந்தாலும் விதை ஆகாது என்று இல்லை. பெருங்குடல் சுவரில் சிறு பைகள் உண்டாகிற டைவர்டிகுலர் நோய்க்காரர்களிடம் விதை, கொட்டை தொடாதே என்றுதான் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கொட்டையும் சோளமும் பாப்கார்னும் சாப்பிட்டவர்களுக்கு அந்த நோயின் தொல்லை கூடவில்லை. குடல் குறுகியவர்கள் கதை வேறு. யாருக்கு எது ஆகாது என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்வது செடி வளர்த்த கதை மட்டும்.

சரி, விதையில்லாக் காய் எப்படி வருகிறது? சில செடிகளில் மகரந்தம் சேராமலே பிஞ்சு பருத்துக் காயாகிவிடும். நாம் சாப்பிடும் வாழைப்பழம் அப்படித்தான். காய்கறியில் வீட்டில் எளிதாகச் செய்யக்கூடியது வெள்ளரி. பாலிஹவுஸ் எனும் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பயிரிடும் விவசாயிகளுக்காக விற்கும் ரகங்களில் ஏறக்குறைய எல்லாப் பூவும் பெண்பூவாக இருக்கும், மகரந்தமும் வேண்டாம். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்கூட 'பூசா சீட்லெஸ் குக்கும்பர்-6' என்று ஒரு ரகம் வெளியிட்டிருக்கிறது. எனக்குக் கிடைத்தது தனியார் ஹைப்ரிட். நாட்டு வெள்ளரி விதையை அள்ளிக் கொடுக்கும் கடையில் இதை எண்ணித்தான் கொடுத்தார்கள், விலை அப்படி.

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் கலந்து பெரிய குரோ பேக்கில் பைக்கு ஒரு விதை போட்டேன். முளைப்பில் குறையே இல்லை. பாலிஹவுஸ்காரர்கள் செய்கிற மாதிரி கயிறு கட்டி ஒற்றைத் தண்டாக மேலே ஏற்றினேன். முழங்கால் உயரம் வரைக்கும் வரும் பூவையும் பக்கக் கிளையையும் கிள்ளிவிட வேண்டும். இதற்கு மனசு வராது. ஆனால் அந்த வயதில் காய்க்க விட்டால் செடி அங்கேயே களைத்து நின்றுவிடும். கிள்ளிய செடியில் அப்புறம் கணுவுக்கு ஒரு பிஞ்சு வீதம் வந்தது. விதைத்து ஒன்றரை மாதத்துக்குள் முதல் காய் பறித்துவிட்டேன்.

இதில் நிஜமான வேலை தேனீயைத் தடுப்பது. விதையில்லா ரகம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும், பக்கத்தில் சாதாரண வெள்ளரி இருந்து அதன் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்தால் விதை வைத்துவிடும். எங்கள் தெருவில் இரண்டு மாடிகளில் நாட்டு வெள்ளரி ஓடுகிறது. அதனால் பிவிசி குழாயில் கூண்டு கட்டி, 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சி வலையைச் சுற்றி, வாசலுக்குத் துணிக் கிளிப் போட்டேன். உண்மையிலேயே இவ்வளவு வேண்டுமா என்று பார்க்க, அதே பாக்கெட் விதையில் ஒரு செடியை வேண்டுமென்றே வலைக்கு வெளியே, என்னுடைய நாட்டு வெள்ளரிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வித்தியாசம் வெட்டிப் பார்க்கும் முன்பே தெரிந்தது. வலைக்குள் இருந்த காய்கள் மேலிருந்து கீழ் வரை ஒரே பருமன். வெளியே இருந்ததில் சில காய்கள் நன்றாகவே இருந்தன. மற்றவை காம்புப் பக்கம் ஒல்லியாகவும் பூ இருந்த நுனி உருண்டு பருத்தும் கதாயுதம் போலத் தொங்கின. குறுக்கே வெட்டினால் அந்தப் பருத்த பகுதியில்தான் விதை. வலைக்குள் காய்த்ததை வெட்டினால் வெள்ளையாக விதையின் வடிவம் மட்டும் தெரிகிறது, உள்ளே ஒன்றுமில்லை, பல்லில் தட்டவும் இல்லை. தம்பி முதலில் நம்பவில்லை. கத்தியை வாங்கி அவனே நீளவாக்கில் ஒரு காயைப் பிளந்து பார்த்துவிட்டு, "அக்கா, இத மட்டும் மோர்க்குழம்பு வெச்சுக் குடு, பாத்துக்கலாம்" என்றான். பச்சையாகத் தரவில்லை. தோல் சீவி, நன்றாக வேகவைத்து, முதல் நாள் இரண்டு கரண்டி. ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்த பிறகு அளவைக் கூட்டினோம்.

வலையால் தொல்லையும் உண்டு. காற்று குறைந்து உள்ளே வெக்கை தேங்குகிறது. ஏப்ரலில் இலை ஓரம் கருகி, இலைக்கு அடியில் சிலந்திப் பேன் வந்து மஞ்சள் புள்ளி விழுந்தது. பேன் பொடிசு என்பதால் வலை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்ததில் குறைந்தது. மேலே நிழல் வலை போட்ட பிறகுதான் செடி மூச்சு விட்டது. வெயில் ஏறினால் இந்த ரகத்திலும் சில ஆண்பூ வரும். கண்ணில் பட்டவுடன் கிள்ளிவிடுகிறேன். தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டினால் காய் கசக்கிறது, தினமும் கொஞ்சமாக விட்டால் கசப்பு இல்லை.

தர்பூசணியும் முயன்றேன். விதையில்லாத் தர்பூசணியின் பின்னணி சுவாரசியமானது. 1940-களில் ஜப்பானில் ஹிடோஷி கிஹாராவின் குழு உருவாக்கியது. 22 குரோமோசோம் உள்ள சாதாரணத் தர்பூசணியையும் கால்கிசின் என்ற வேதிப்பொருள் கொடுத்து 44 ஆக்கியதையும் சேர்த்தால் 33 குரோமோசோமோடு ஒரு செடி வரும். அது ஒழுங்காக விதை வைக்காது. ஆனால் அந்தச் செடி காய்க்க, பக்கத்தில் சாதாரணச் செடி நின்று அதன் மகரந்தம் வர வேண்டும். வெள்ளரிக்குத் தேனீ வரக் கூடாது, இதற்குத் தேனீ வந்தே ஆக வேண்டும். ஒரே மாடியில் இரண்டையும் வைத்துக்கொண்டு வாசல் காக்க என்னால் ஆகாது. விதையும் தடித்த தோலோடு இருக்கிறது. முளைத்ததில்கூட விதைத்தோல் இலையை விடாமல் கவ்விக்கொண்டு நாற்று திணறியது. கைவிட்டேன்.

தக்காளியில் பூவுக்கு ஹார்மோன் தெளித்தால் விதை குறைந்த காய் வரும் என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். 1936-லேயே அமெரிக்காவில் குஸ்டாஃப்சன் என்ற தாவர ஆய்வாளர் பூவில் ஹார்மோன் தடவி விதையில்லாக் காய் வரவழைத்துக் காட்டியிருக்கிறார். நோய்க்காரனுக்குச் சமைக்கும் காயில் அந்த மருந்தை நானே கலந்து அடிக்க விருப்பமில்லை. தக்காளிக்கு வடிகட்டி போதும்.

வெள்ளரிக்கு வெளியே எனக்கு அதிகம் கைகொடுத்தது பறிக்கும் நேரம்தான். சுரைக்காயை நகம் சுலபமாக இறங்கும் பருவத்தில் பறித்தால் விதை இன்னும் கெட்டியாகியிருக்காது. நடுவில் உள்ள பஞ்சு போன்ற சோற்றை வழித்து எடுத்துவிட்டால் முழுவதும் சதை. பீர்க்கும் புடலையும் அப்படியே. காய் பெரிதாகட்டும் என்று கொடியில் விட்டு வைக்கும் ஆசையைத்தான் அடக்க வேண்டும். அம்மாவுக்கு இதில் வருத்தம், "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரெண்டு வேளைக்கு வந்திருக்குமே கண்ணு" என்பார். சௌசௌவுக்குள் ஒரே ஒரு விதைதான், எடுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் எங்கள் வெயிலில் கொடி படர்ந்ததோடு சரி, காய்க்கவில்லை. மலையிலிருந்து வருவதைச் சந்தையில் வாங்கிக்கொள்கிறோம்.

விதையில்லாக் காயிலிருந்து அடுத்த போகத்துக்கு விதை எடுக்க முடியாது என்பதால், ஒவ்வொரு முறையும் பாக்கெட் வாங்கச் செலவாகிறது. அதனால் இப்போது கிள்ளிப் போடும் பக்கக் கிளைகளில் திடமானதை ஈரமான நார்க்கழிவில் ஊன்றி வைக்கிறேன். பாதிக்கு மேல் வேர் பிடித்திருக்கிறது. அவற்றில் ஒரு செடி வலைக்குள் கயிறு ஏறிப் பூவும் வைத்துவிட்டது. விதையில் வந்த செடியைவிடக் கொஞ்சம் மெலிவு. அது எத்தனை காய் தாங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பாக்கெட் வாங்குவதா என்று முடிவு செய்ய வேண்டும்.