சாவி திருகிப் பழகிய கைக்குப் புது ஆட்டோமேட்டிக் கார்

பத்துப் பதினைந்து வருடம் கிளட்சும் கியருமாக ஓட்டியவர்களை முதலில் தடுமாற வைப்பது புதுக் காரின் பெரிய திரை இல்லை, அவர்களுடைய இடது கால்தான். இல்லாத கிளட்சைத் தேடிப்போய் அகலமான பிரேக் பெடல்மேல் இறங்கிவிடும். கிளட்சை மிதிக்கிற அழுத்தத்தில் பிரேக்கை மிதித்தால் வண்டி குத்திட்டு நிற்கும், பின்னால் வருகிற ஸ்கூட்டர் வந்து இடிக்கும். அந்தக் காலை ஓரமாக ஊன்றி வைத்துவிட்டு, ஞாயிறு காலையில் லேஅவுட் தெருவிலேயே நாலைந்து ரவுண்டு போய்ப் பழகிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பெங்களூரின் ஓசூர் ரோட்டுக்குப் போகலாம்.

பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் கரண்ட் மட்டும் வரும், இன்ஜின் ஓடாது. அப்படியே ரொம்ப நேரம் பாட்டுக் கேட்டால் பேட்டரி இறங்கிவிடும். சாவி விஷயத்தில் இன்னொன்று. இன்ஜின் ஓடும்போது சாவியைப் பையில் வைத்தபடி நீங்கள் சிவாஜிநகரில் இறங்கிக்கொண்டால், பீப் அடிக்குமே தவிர வண்டி நிற்காது. வீட்டுக்காரம்மா ஓசூர் வரைக்கும்கூட ஓட்டிப் போகலாம். அங்கே அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. சாவிக்குள் இருக்கும் பட்டன் செல் தீர்ந்துபோனால், பல கார்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியாலேயே ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் இன்ஜின் எடுக்கும். நிறைய மாடல்களில் வருவது சிஆர் 2032 செல். வண்டியில் ஒன்று கிடக்கட்டும்.

பெங்களூரில் ஓட்டுகிறவருக்குப் புதுக் கார் தரும் பெரிய நிம்மதி ஆட்டோ ஹோல்டு. பெல்ட் போட்டு, கதவைச் சாத்தி, அந்தப் பட்டனை ஒருமுறை அமுக்கிவிட்டால் போதும். சில்க் போர்டு சிக்னலில் வண்டி நின்றதும் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்துங்கள், பச்சை விளக்கு எரியும், காலை எடுத்துவிடலாம். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் தானே விடும். ஆனால் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இதை அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை நின்றதும் அது பிடித்துக்கொள்ளும். விடுவிக்க ஆக்சிலரேட்டரைத் தொட்டால் தூணுக்கு ஒரு ஜாண் தூரத்தில் வண்டி பாய்ந்துவிடும். ஹோல்டு என்பது பார்க்கிங்கும் இல்லை. இறங்குவதற்கு முன் கியரைப் ‘பி’ என்ற பார்க்கிங் நிலையில் போட்டு, பார்க்கிங் பிரேக் சுவிட்சையும் இழுத்துவிடுங்கள்.

டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். உள்ளே இருப்பது கிளட்ச்தான், என்ன, நமக்குப் பதிலாக வண்டியே மிதிக்கிறது. டிராஃபிக்கில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் அது பாதி கிளட்சிலேயே உரசிச் சூடாகும், எண்ணெயில் நனையாத உலர் வகை இன்னும் சீக்கிரம். முன்னால் ஒரு கார் அளவு இடம் கிடைக்கும்வரை நின்று, பிறகு நகர்ந்து, மறுபடி முழுசாக நிறுத்துங்கள். ஃப்ளைஓவர் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்கவே கூடாது. சூடு எச்சரிக்கை வந்தால் ஓரங்கட்டி, பி போட்டு, இன்ஜினை ஓடவிட்டே ஆறவையுங்கள்.

வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் வரும் பீப் கோளாறு இல்லை; 2019 ஜூலை முதல் தயாரான எல்லாக் கார்களிலும் உண்டு.

வண்டியை ரோட்டுக் கோட்டுக்குள் வைத்திருக்கும் லேன் அசிஸ்டை ஊருக்குள் அணைத்துவிடலாம். கோடு அழிந்த ரோட்டில் ஸ்டியரிங்கைத் தேவையில்லாமல் இழுக்கும். ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரி போகும்போது போட்டுக்கொள்ளுங்கள். இடிக்கப்போகும்போது வண்டியே பிடிக்கும் தானியங்கி பிரேக்கை மட்டும் எங்கேயும் அணைக்காதீர்கள். பைக்குகள் குறுக்கே வரும்போதெல்லாம் அலறினால், எச்சரிக்கை நேரத்தைத் தாமதமாக மாற்றிக்கொண்டாலே சத்தம் குறையும்.

இதற்கெல்லாம் கண் இரண்டு இடத்தில் இருக்கிறது: உள்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, நிறைய கார்களில் முன் கிரில்லிலோ பம்பரிலோ ரேடார். ஃபாஸ்டேக்கைக் கேமராவுக்கு முன்னால் ஒட்டாதீர்கள். ரேடாருக்கு முன்னால் திருஷ்டிக் கயிறும் எலுமிச்சம்பழமும் தொங்கவிட வேண்டாம். ஆயுத பூஜைக்குப் போட்ட மாலையோடு கிளம்பினால் சென்சார் மறைந்திருக்கிறது என்று திரையில் வரும், தானியங்கி பிரேக் வேலை செய்யாது. மாலையைக் கழற்றி, சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.