வீட்டுப் படங்களை அடுக்குகிறேன்: இதுவரை நடந்தது

செட்டிநாட்டில், எங்கள் கானாடுகாத்தான் வீட்டில் தகரப்பெட்டி, பெட்டகத்து மேல்தட்டு, அப்பத்தாவின் பீரோ என்று சிதறிக் கிடந்த படங்கள் எல்லாம் ஒரு வழியாக இரண்டாங்கட்டு அறைக்கு வந்துவிட்டன. துடைத்து, பிரித்து, உறையில் போடும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆண்டுவாரியாக அடுக்கச் சொல்லிப் பலரும் யோசனை தந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அது சரிப்படாது; பாதிப் படங்களில் தேதியே இல்லை. அதனால் எந்த வீடு, என்ன விசேஷம் என்று பார்த்துப் பிரிக்கிறேன். கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது வயது விழா), திருவாதிரைப் புதுமை (பெண்பிள்ளைகளுக்கான சடங்கு), பிள்ளையார் நோன்பு எனத் தனித்தனி உறைகள். எந்த வீடு என்பதைக் கண்டுபிடிக்கத் தரையும் தூணும் போதும். ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ வேலை எங்கள் வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஒரு மாதிரி, ஆயா, அதாவது அம்மாவின் அம்மா வீட்டில் வேறு மாதிரி. மணமக்களின் காலடியைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம்.

ஆள் யார் என்பதுதான் பெரிய வேலை. தலைப்பிள்ளைக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பெயரை வைப்பது எங்கள் நகரத்தார் வழக்கம். ஒரு தலைமுறை விட்டு அதே பெயர் திரும்ப வரும்; பங்காளி வீட்டிலும் அதே பெயர் இருக்கும். படத்தின் பின்னால் வெறும் பெயரை எழுதி வைத்தால் இன்னும் முப்பது வருடம் கழித்து யாருக்கும் உதவாது. இன்னார் மகன், எந்த ஊரில் பெண் எடுத்தவர் என்பதையும் சேர்த்தே நோட்டில் எழுதுகிறேன். சாயங்காலம் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து படத்தை நீட்டினால், "இவுக நம்ம பெரிய வீட்டு அண்ணன், மூத்தவுக இல்ல, ரெண்டாமவுக" என்று சட்டென்று வரும். அதைப் போனில் பதிவும் செய்துகொள்கிறேன். அப்பத்தா நினைவோடு சொல்லும்போதே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதால், ஸ்கேன் வேலையைக்கூடப் பின்னால் தள்ளிவிட்டேன்.

ரங்கூன் ஸ்டூடியோ முத்திரையோடு ஒரு படம் கிடைத்தது. கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கிறார் பாட்டையா. ஒவ்வொரு தடவையும் மூன்று வருடக் கணக்குக்கு அங்குள்ள வட்டிக்கடைக்குப் போய்வந்தவர். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது ஊர் திரும்பினார், அப்புறம் போகவே இல்லை. அதனால் படம் அதற்கு முந்தியது என்பது உறுதி. எடுத்து எத்தனையோ வருடமானாலும் கறுப்பு வெள்ளை இன்னும் தெளிவாக இருக்கிறது. எழுபது எண்பதுகளின் கலர் படங்கள்தான் சிவப்பேறிக் கிடக்கின்றன. அந்தச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மெல்ல மங்கும். ஆகவே ஸ்கேனில் அவற்றுக்கே முதலிடம், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி).

பசை ஆல்பங்கள் பாடாய்ப் படுத்துகின்றன. பசை மஞ்சளாகிப் படத்தை இறுகப் பிடித்திருக்கிறது. மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து, அறுப்பதுபோல் மெதுவாக இழுத்தால் கழன்று வருகிறது. வராததை வற்புறுத்துவதில்லை; பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடலாம்.

படத்தின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். பழைய தாளில் மென்மையான பென்சிலால் எண் மட்டும் போடுகிறேன். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலப் படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றுக்கு உறையின் மேல்தான் எண். விவரம் எல்லாம் நோட்டில்.

வளவுச் சுவரில் மாட்டிய பெரிய படங்களை இன்னும் தொடவில்லை. சிலவற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தால் முகமே உரிந்து வரும் என்பதால் கண்ணாடியோடேயே எடுக்கப் போகிறேன், ஒளி திருப்பி அடிக்காதபடி விளக்கைப் பக்கவாட்டில் வைத்து.

அப்பத்தாவுக்கும் தெரியாத முகங்கள் ஒரு உறை நிறைய இருக்கின்றன. அடுத்த படைப்புக்கு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் நாளுக்கு) பங்காளிகள் எல்லாரும் கூடுவார்கள். உறையை அங்கே கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்க வேண்டும்.