தீயணைப்பு வண்டிக்கு யார் பொறுப்பு?

இலங்கை மலையகத் தோட்டங்களில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு காம்பராவில் (வீட்டறையில்) தீப்பிடித்தால் ஒரே கூரையில் வரிசை முழுக்கப் பரவிவிடும். டவுனிலிருந்து வண்டி மலைப்பாதையில் ஏறி வரும்வரை பீலியில் வழிந்து வரும் தண்ணீரும் வாளியும் அக்கம்பக்கத்துச் சனமும்தான்.

எங்கள் உள்ளூராட்சி மன்றம் பிரதேச சபைதான். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆவது பிரிவு, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். இனி அந்தச் சாக்கு செல்லாது. தோட்டக் காணிக்கு ஏக்கர் வரி விதிக்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு.

சரி, சொந்த வண்டிக்கு வசதியில்லையா? பக்கத்து மாநகர சபையிடம் காசு கொடுத்துச் சேவையைப் பெறட்டும், தப்பில்லை. ஆனால் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். எத்தனை நிமிடத்தில் வரும்? பிந்தினால் யார் பதில் சொல்வது? வரி வாங்கும் சபைதானே சொல்ல வேண்டும்!

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இதையே எங்கள் சபையிடம் எழுதிக் கேட்கப் போகிறேன். மற்றத் தோட்டங்களில் இருப்பவர்களும் உங்கள் சபையிடம் கேளுங்கள்.