பக்கம் திருப்பாமல் கேட்ட இசைத்தட்டு

நேற்றிரவு பிங்க் ஃபிளாய்டு என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழு 1994-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் நடத்திய கச்சேரியின் ஒளிப்பதிவை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ இசைத்தட்டு முழுவதையும், தொடக்கத்தில் வரும் இதயத் துடிப்பு முதல் கடைசித் துடிப்பு வரை, வரிசை மாறாமல் வாசிக்கிறார்கள்.

என் உயிர் இருப்பது அதிலுள்ள ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாட்டில். பாடுவதற்குச் சொற்களே இல்லை, வெறும் குரல்தான். இசைத்தட்டில் பாடகி கிளேர் டோரி ஒருவரே பாடியதை மேடையில் மூன்று பெண்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் அடிவயிற்றிலிருந்து கதறிவிட்டு நிறுத்த, அடுத்தவர் அதை வாங்கிக்கொள்கிறார். எத்தனை முறை கேட்டாலும் எனக்குக் கண் கலங்கிவிடும்.

இசைத்தட்டில் முதல் பக்கம் அதோடு முடியும். எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். மேடையில் அந்த இடைவேளை கிடையாது. குரல் அடங்கி மூச்சு விடுவதற்குள் அடுத்த பாட்டான ‘மணி’யின் (Money, பணம்) சில்லறைக் காசுச் சத்தம் தொடங்கிவிடுகிறது!

இந்த இசை மேடையில்தான் வளர்ந்தது. இசைத்தட்டு 1973 மார்ச்சில் வந்தது. ஆனால் 1972 ஜனவரியிலேயே பிரைட்டன் நகரில் முழுவதையும் வாசிக்க முயன்றார்கள். கருவிக் கோளாறால் ‘மணி’யின்போது நின்றுபோனது. அடுத்த ஓராண்டும் ஊர் ஊராக வாசித்தே செதுக்கினார்கள். கிளேர் டோரியின் குரல் அப்போது அதில் சேரவே இல்லை. அந்தப் பாட்டின் இடத்தில் ஆர்கன் வாத்தியமும், ஒலிநாடாவில் பதிந்த பேச்சுகளும்தான் இருந்தன.