மின்னாற்பகுப்புக் கருவியும் நீர்ச்செடித் தொட்டியும்

நீர்ச்செடித் தொட்டி வைத்திருப்பவர்களிடையே சில ஆண்டுகளாகவே அதிகம் பேசப்படும் கருவிகளுள் ஒன்று, மின்சாரத்தால் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கும் மின்னாற்பகுப்புக் கருவி. தென்கொரியாவின் ட்வின்ஸ்டார், சீனாவின் சிஹிரோஸ் டாக்டர் ஆகியவை பலரும் அறிந்த பெயர்கள். தொட்டிக்குள் சிறிய உலோக வலைத்தகடு ஒன்றைப் பொருத்திக் குறைந்த அழுத்த மின்சாரத்தைச் செலுத்தினால், நுண்குமிழ்கள் புகைபோல் மேலெழுகின்றன. பாசி குறையும், ஆக்ஸிஜன் கூடும், செடி செழிக்கும் என்கிறார்கள். இவற்றுள் ஆக்ஸிஜன் பற்றிய பேச்சுதான் எனக்கு ஒப்புக்கொள்ளவே கடினமாக இருக்கிறது.

நீரைப் பகுக்கும்போது வெளிப்படும் வாயுவின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ரஜன்தான். ஃபாரடே விதியின்படி, 100 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் இடைவிடாமல் பாய்ந்தாலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 30 மில்லிகிராம். காற்றோடு சமநிலையில் இருக்கும் 60 லிட்டர் நீரிலோ, 25 டிகிரி வெப்பத்தில், ஏற்கெனவே 500 மில்லிகிராம் அளவுக்கு அது கரைந்திருக்கும். கருவியும் இடைவெளி விட்டு விட்டுத்தான் இயங்குகிறது. ஆக்ஸிஜன்தான் வேண்டுமென்றால், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைத்து மின்சாரமே இல்லாமல் வேலை செய்யும் ஜெர்மானிய ஆக்சிடேட்டர் இதைவிட நேர்மையான சாதனம். 3 சதவீதக் கரைசல் 100 மில்லி சிதைந்தால் ஏறத்தாழ 1.4 கிராம் கிடைக்கும்.

ஆனால் விளக்கு எரியும் நேரத்தில் செடிக்கு ஆக்ஸிஜன் தேவையா என்று யாரும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் அதைத் தயாரித்து வெளியேற்றுவதே செடியின் வேலை. செடி கார்பனை நிலைப்படுத்தப் பயன்படுத்தும் ருபிஸ்கோ நொதி, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்ஸிஜனையும் பற்றிக்கொள்ளக்கூடியது என்பதால், ஆக்ஸிஜன் மிகுவது வளர்ச்சிக்கு உதவுவதைவிடத் தடையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இலையடியில் குமிழ்கள் மின்னுவதைக் கண்டு செடி ‘பேர்லிங்’ செய்வதாக, அதாவது தானே ஆக்ஸிஜனைக் குமிழாக விடுவதாக மகிழ்பவர்கள், அதே குமிழ்கள் மரத்துண்டிலும் கல்லிலும் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். செடி விடும் குமிழ் பெரும்பாலும் இலை விளிம்பிலிருந்தோ வெட்டுப்பட்ட தண்டிலிருந்தோ சரமாகப் புறப்படும், கருவியின் குமிழோ கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டும்.

பாசி விஷயத்தை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நீரில் குளோரைடு உப்பு இருந்தால் நேர்மின்வாயில் சிறிதளவு குளோரின் உண்டாகி ஹைப்போகுளோரைட்டாக மாறும். மிதக்கும் பாசி வித்துகளை அது தாக்கக்கூடும். அப்படியானால் விளைவைத் தீர்மானிப்பது கருவியைவிட அவரவர் வீட்டுத் தண்ணீர்தான். சென்னையில் கடலோரப் பகுதிகளின் உப்பேறிய போர் தண்ணீரில் மின்னோட்டமும் குளோரினும் கூடும், ஆர்.ஓ. நீரில் இரண்டுமே பெயரளவுக்குத்தான். கடினநீரில் வலைத்தகட்டின் மீது வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து குமிழ் குறைந்துவிடும், வினிகரில் ஊறவைத்துத்தான் மீட்க வேண்டும். குளோரின் பாசியை மட்டும் தேர்ந்து தாக்குவதில்லை என்பதால், இறால் வளர்க்கும் சிறிய தொட்டியில் இதை வைக்க எனக்குத் துணிவில்லை. கண்ணாடியிலும் இலையிலும் ஏற்கெனவே வேரூன்றிவிட்ட கரும்பாசியை இது அகற்றும் என்று எதிர்பார்ப்பதும் வீண். அதற்கு ஒளி நேரத்தையும், செடிக்காகத் தொட்டியில் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடின் ஏற்ற இறக்கத்தையும், உரத்தையும்தான் சரிசெய்ய வேண்டும்.

உண்மையில் ஆக்ஸிஜன் குறைவது இரவில், அதுவும் கோடையில். நீர் 30 டிகிரிக்கு ஏறினால் லிட்டருக்கு 7.6 மில்லிகிராம்தான் தாங்கும். மீனும் செடியும் பாக்டீரியாவும் சேர்ந்து அதைத்தான் செலவழிக்கின்றன. விளக்கு அணையும்போது கார்பன் டை ஆக்சைடையும் நிறுத்திவிட்டு, ஃபில்டரின் வெளிக்குழாயை நீர்மட்டத்துக்குச் சற்று உயர்த்தி மேற்பரப்பு அலையாடும்படி வைத்தால் போதும். பகலில் குழாயைத் தாழ்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்துச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு காற்றோடு போய்விடும். மின்வெட்டுக்கு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அது மின்னாற்பகுப்புக் கருவியின் விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கும்.