வெள்ளை நாயின் சிவந்த பாதங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வார இறுதியில் உறவினர் வீட்டுக்குப் போனால், சாப்பாடு முடிந்து எல்லோரும் வராந்தாவில் அமர்ந்ததும் பேச்சு எப்படியோ அந்த வீட்டு நாயின் காலுக்கு வந்துவிடுகிறது. அது ஏன் ஓயாமல் பாதத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது என்ற கேள்விக்குப் பெரியம்மா கோழிதான் காரணம் என்பார். மாமா தோட்டத்துக் கிகூயூ புல்லைக் குறை சொல்வார். நாய்க்குப் பொழுதுபோகவில்லை என்று இன்னொருவர் முடித்துவிடுவார். இம்மூன்றில் எதுவும் அறவே தவறில்லை. ஆனால் ஒவ்வொரு காரணத்தையும் எந்த வரிசையில் சோதித்து விலக்குவது என்பதில்தான் பெரும்பாலான வீடுகள் தடுமாறுகின்றன என்பது என் கருத்து. எல்லோரும் முதலில் உணவை மாற்றுகிறார்கள். அது மூன்றாவதாகச் செய்ய வேண்டிய வேலை.

முதலில் பார்க்க வேண்டியது எத்தனை பாதங்கள் என்பதை. ஒரே ஒரு பாதத்தை மட்டும் திடீரென்று கடிக்கத் தொடங்கிய நாய்க்கு ஒவ்வாமையைவிட நெருஞ்சி முள்ளோ, விரலிடுக்கில் புகுந்த புல்விதையோ, உடைந்த நகமோ, மூட்டுவலியோ காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரு முன்னங்கால்களையோ நான்கு கால்களையோ மாதக்கணக்கில் நக்கிக் கடிப்பதோடு, காதைச் சொறிவதும் முகத்தைத் தரைவிரிப்பில் தேய்ப்பதும் சேர்ந்திருந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். மால்டீஸ் போன்ற வெள்ளை நாய்களின் பாதங்களில் செம்பழுப்புக் கறை படிவதற்கு எச்சிலில் உள்ள போர்ஃபைரின் என்ற நிறமியே காரணம், அது இரத்தமன்று. கறுப்பு நாயும் இதே அளவு நக்கிக்கொண்டிருக்கலாம், நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வாமை நமக்கு மூக்கில் வந்தால் நாய்க்குத் தோலில் வருகிறது. மகரந்தமும் தூசியும் அதன் தோல் வழியாகவே உள்ளே புகுந்து எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதால், தரையைத் தொடும் பாதங்களும் வயிறும் அக்குளும் காதுகளும் முதலில் சிவக்கின்றன. குட்டைக் கால் கொண்ட நாய்க்குப் புல் வயிற்றிலேயே உராய்கிறது. ஆனால் உருவம் சிறியது என்பதாலேயே ஒவ்வாமை வருவதில்லை. வெஸ்ட் ஹைலண்ட் டெரியர், ஷிட்சூ, பிரெஞ்சு புல்டாக் போன்ற சில இனங்களுக்குப் பரம்பரையிலேயே அந்த நாட்டம் இருக்கிறது. இத்தகைய நாய்களில் அரிப்பு பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கிவிடும். புல்லைக் குற்றம் சாட்டுபவர்கள் மறந்துவிடும் இன்னொன்று, மிகப் பரவலான தூண்டுபொருள்களில் ஒன்றான தூசிச் சிற்றுண்ணி வீட்டுக்குள்ளேயே, நாய் உறங்கும் சோபாவிலும் மெத்தையிலும் வாழ்கிறது என்பது. புல்வெளிக்குப் போகவிடாமல் நாயை வீட்டுக்குள் அடைத்துவைத்தும் அரிப்பு குறையவில்லை என்றால் வியப்படைய ஒன்றுமில்லை.

சோதனை வரிசையில் முதலிடம் தெள்ளுப்பூச்சிக்கு. டர்பனின் சூட்டிலும் ஈரப்பதத்திலும் அதற்கு ஆண்டு முழுவதும் காலம்தான். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய் வழக்கமாக வாலடியையும் இடுப்பையும் கடிக்கும். ஆனால் ஒவ்வாமைகள் ஒரே குடத்தில் விழும் நீர் போலச் சேர்ந்துகொண்டே போய் வழியும்போதுதான் நாய் கடிக்கத் தொடங்குகிறது என்பதால், தெள்ளை அகற்றினாலே மற்றவை தாங்கக்கூடிய அளவுக்குக் குறைந்துவிடுவதுண்டு. நாயின் உடலில் காணப்படும் தெள்ளு மிகச் சிறு பங்கே. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாக மீதி எல்லாம் விரிப்பிலும் தரையிடுக்கிலும் இருக்கின்றன. ஆகவே ஒரு மாதம் மருந்து போட்டு நிறுத்துவது பயன் தராது. வீட்டிலுள்ள எல்லா விலங்குகளுக்கும் மாதங்கள் தொடர வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் போடக் கூடாது, அது பூனையைக் கொன்றுவிடும்.

இரண்டாவது, கிருமித்தொற்று. ஓயாமல் நக்குவதால் ஈரமாகவே இருக்கும் விரலிடுக்கில் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகி, புளித்த மாவு வாடை வீசத் தொடங்கும். அப்போது ஈஸ்டே தனியாக அரிப்பை உண்டாக்குவதால், மூல ஒவ்வாமைக்கு என்ன கொடுத்தாலும் நாய் நிறுத்துவதில்லை. கால்நடை மருத்துவர் விரலிடுக்கில் ஒரு ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலே இது தெரிந்துவிடும். உலாவிவிட்டு வந்ததும் பாதங்களைக் கழுவித் துடைப்பது நல்லதே, விரலிடுக்கை நன்றாக உலர்த்துவதாக இருந்தால். உலர்த்தாமல் விடுவதைவிடக் கழுவாமலே இருக்கலாம்.

இனி உணவு. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல புரட்டாசி முழுவதும் இறைச்சியைத் தொடுவதில்லை. அந்த மாதத்தில் நாய்க்கு விழும் மிச்சமும் சைவமாகிவிடுவதால், அரிப்பு சற்றுக் குறைந்தால் கோழியே குற்றவாளி என்று வீடு தீர்ப்பெழுதிவிடுகிறது. இந்தத் தீர்ப்பு நிற்காது. நாயின் தட்டிலுள்ள உலர் தீவனத்தில் கோழி அந்த மாதமும் இருந்தது; செப்டம்பரில் இங்கே வசந்தம் தொடங்கிப் புல்லும் மகரந்தமும் மாறிக்கொண்டிருந்தன; உணவு ஒவ்வாமையைச் சோதிக்கக் குறைந்தது எட்டு வாரங்கள் வேண்டும், புரட்டாசியோ அதற்கு வெகுமுன்பே முடிந்துவிடுகிறது. முறையான சோதனையில், மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை என்று அடிக்கடி ஒவ்வாமை தருபவற்றை விலக்கி, நாய் இதுவரை உண்ணாத ஒரு புரதத்தையோ, எதிர்ப்பாற்றல் அடையாளம் காணாதபடி சிறுசிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட புரதத்தாலான மருத்துவத் தீவனத்தையோ மட்டுமே கொடுப்பார்கள். அரிப்பு தணிந்தபின் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பும் திரும்புகிறதா என்று பார்த்தால்தான் சோதனை முழுமையாகும். பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தெரிந்துவிடும். பையின் மேல் தீக்கோழி என்றோ மான் என்றோ பெரிதாக அச்சிட்டிருந்தாலும் உள்ளே கோழிக்கொழுப்பு இருக்கலாம், எனவே பின்பக்கப் பட்டியலைப் படிக்க வேண்டும். உண்ணி மாத்திரையின் இறைச்சிச் சுவைகூடச் சோதனையைக் கெடுக்கும். அதற்காக உண்ணி மருந்தை நிறுத்திவிட்டால், இந்நாட்டில் பிலியரி என்று அழைக்கப்படும் கொடிய உண்ணிக் காய்ச்சலுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். அந்த வாரங்களில் சொட்டு மருந்துக்கு மாறிக்கொள்ளலாம். மேசைக்கடியில் தாத்தா நீட்டும் கறித்துண்டை நிறுத்துவதுதான் உண்மையில் கடினம், வெங்காயமும் பூண்டும் சேர்ந்த நம் குழம்பு நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று சொன்னால் ஒருவேளை கேட்பார். முடியையும் எச்சிலையும் அனுப்பினால் உணவு ஒவ்வாமையைக் கண்டறிந்து தருவதாக விற்கப்படும் சோதனைகள் நம்பத்தக்கவை அல்ல. அந்தப் பணத்தை நல்ல தீவனத்துக்குச் செலவிடலாம்.

இவ்வளவும் விலக்கிய பிறகும் நாய் கடித்துக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் சுற்றுச்சூழல் ஒவ்வாமை. அதை அடியோடு ஒழிக்க முடியாது, கட்டுக்குள் வைத்திருக்கலாம். ஸ்டீராய்டு விரைவாக வேலை செய்யும், ஆனால் நீண்ட நாள் கொடுத்தால் தாகம், பசி, தசை மெலிவு என்று விலை கேட்கும். அரிப்பின் சமிக்ஞையைத் தடுக்கும் ஓக்லாசிட்டினிப் மாத்திரையும், மாதம் ஒருமுறை போடப்படும் லோகிவெட்மாப் ஊசியும் இப்போது அதிகம் பயன்படுகின்றன; அந்த மாத்திரை ஓராண்டு நிறையாத குட்டிகளுக்கு ஏற்றதன்று. தோலிலோ இரத்தத்திலோ செய்யும் சோதனையை வைத்துத் தயாரிக்கப்படும் ஒவ்வாமைத் தடுப்பூசி மூலகாரணத்தையே தொடுவது என்றாலும், பலன் உண்டா இல்லையா என்று சொல்ல ஓராண்டு வரை பொறுத்திருக்க வேண்டும். நம் அலமாரியிலுள்ள சளி மாத்திரைகளை மட்டும் தொட வேண்டாம்: மூக்கடைப்புக்காக அவற்றில் சேர்க்கப்படும் சூடோஎஃபெட்ரின் ஒரு சிறிய நாயின் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது.